மேலே நிற்கிற ஆள்

பஷீர் பாய்க்கு நீச்சல் தெரியும். எனக்குத் தெரியாது. இருபத்தாறு வருடம் எங்கள் தொழில் இதை நம்பித்தான் நடந்தது.

கணபதி என்கிற ஊரில் எங்களுக்கு ஒரு மோட்டார் ஷெட் உண்டு. 'பஷீர் – பாக்கியசாமி' என்று போர்டு. அகரவரிசைப்படி போட்டதாக அவர் சொன்னார், நானும் நம்பினேன். மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுவோம், பம்புசெட் பழுது பார்ப்போம். ஆனால் நாங்கள் பேர் வாங்கியது ஷெட்டுக்குள் உட்கார்ந்து அல்ல, கிணற்று வேலையில். கயிறு அறுந்து மோட்டார் கிணற்றின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், இல்லாவிட்டால் குழாயின் அடியில் இருக்கிற ஃபுட்வால்வு சேற்றில் புதைந்துகொள்ளும். நாற்பதடித் தண்ணீரை இறைத்துவிட்டு அதை எடுப்பதற்குள் பயிர் காய்ந்துவிடும். அதனால் தாராபுரத்திலிருந்தும் காங்கயத்திலிருந்தும் எங்களைத் தேடி ஆள் வரும். பாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் மோட்டாரில் கயிறு கட்டிவிட்டு வருவார். அவர் இடுப்பில் கட்டிய இன்னொரு கயிற்றை நான் மேலே நின்று பிடித்திருப்பேன். அவ்வளவுதான் என் வேலை. அவ்வளவுதானா என்று கேட்கிறவர்கள் ஒரு நாள் வந்து பிடித்துப் பார்க்கட்டும்.

தொழில் தொடங்கிய புதிதில் எனக்கே ஒரு உறுத்தல் இருந்தது. "ஏனுங்க பாய், நீச்சல் தெரிஞ்ச ஆளு ஒருத்தரைப் பார்த்து வெச்சுக்கலாமில்லீங்களா?" என்று கேட்டேன்.

"வேண்டாமுங்க. நீச்சல் தெரிஞ்சவன் பதட்டத்துல குதிச்சுப்போடுவான். அப்பறம் ரெண்டு பேரையும் ஆரு எடுக்கறது? தெரியாதவன்தான் கயித்தை உடாமப் புடிச்சிருப்பான்."

என் குறை ஒரு தகுதியாகிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

நேரம் பார்க்க எனக்கு வாட்ச் ஒத்துவராது. வாட்சைப் பார்க்கிற நேரம் தண்ணீரைப் பார்க்க முடியாது. அதனால் ஜெபம் சொல்லி எண்ணுவேன். நிதானமாகச் சொன்னால் ஒரு 'அருள் நிறைந்த மரியே' பன்னிரண்டு வினாடி. பத்து சொன்னால் இரண்டு நிமிடம். பத்துக்குள் பாய் மேலே வர வேண்டும், பதினொன்றில் நான் இழுத்துவிடுவேன். இது எங்களுக்குள் பேசி வைத்த ஏற்பாடு. தலை தண்ணீருக்கு மேலே வந்ததும் பாய் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனைங்க?" நான், "எட்டுங்க பாய்," என்பேன். எட்டு என்றால் சிரிப்பார். ஒன்பது என்றால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியில் உட்காருவார். இரண்டு முறை பதினொன்றில் இழுத்திருக்கிறேன். ஒரு முறை முடிச்சு பாதியில் நின்றுபோயிற்று என்று என்னோடு சண்டைக்கு வந்தார். அந்தச் சண்டையும் 'வாங்க போங்க'வில்தான் நடந்தது.

வேலை முடிந்தால் பாய் தொட்டிச் சுவரில் மல்லாந்து படுப்பார். வெயில் ஏறிய சிமெண்ட், ஈர உடம்பு. தோட்டத்துக்காரர் வீட்டிலிருந்து டீ வரும். அப்போதுதான் கீழே பார்த்ததையெல்லாம் எனக்குச் சொல்லுவார். நான் ஒரு கிணற்றுக்குள்ளும் இறங்கியதில்லை. ஆனால் தாராபுரம் சாலையில் எந்தக் கிணற்றின் அடியில் பாறை, எதில் சேறு என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

"கீழ போயி மேல பார்த்தா வானம் சின்ன வட்டமாத் தெரியுமுங்க," என்பார். "அந்த வட்டத்துக்குள்ள உங்க தலை கருப்பாத் தெரியும். அது தெரிஞ்சாப் போதும். வாயை இறுக்க மூடிக்கிட்டு, பைப்புல மண்டை இடிக்காம ஒரு கையை மேல தூக்கிக்கிட்டு, ஒரே எத்துல வந்துருவேன்."

என் தலையை இவ்வளவு மதித்தவர் வேறு யாரும் இல்லை. என் மனைவி விமலாராணியிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

பாயின் ஒரே மகள் அஃப்ஷீன். அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது, ஒரு கோடை விடுமுறையில், மாசாணியம்மாள் தோட்டத்துக் கிணற்றில் பாய் அவளுக்கு நீச்சல் பழக்கினார். தாராபுரத்துக்கு நாலு மைல் முன்னால் அந்தத் தோட்டம். முதுகில் ஐந்து லிட்டர் காலி எண்ணெய் கேன், இடுப்பில் கயிறு. தண்ணீருக்குள் தலையை விட்டால் கன்னம் இரண்டையும் உப்பிக்கொண்டு மூச்சை விடவே மாட்டாள். பாய் படியில் உட்கார்ந்து கயிற்றை ஒரு சுண்டு சுண்டி, "உடு கண்ணு," என்பார். உடனே குமிழி குமிழியாக விடுவாள். நாலு நாளில் பேச்சே தேவைப்படவில்லை. கயிற்றைச் சுண்டினால் மூச்சு வெளியே வரும். நான் மேல்படியில் உட்கார்ந்து மாசாணியம்மாள் கொடுத்த வேர்க்கடலையைத் தின்றுகொண்டு பார்த்திருப்பேன். கேன் கழற்றிய அன்று அவள் கிணற்றை ஒரு சுற்று சுற்றி வந்து, "எத்தனைங்க மாமா?" என்று என்னைக் கேட்டாள். நான் எண்ணியிருக்கவில்லை. "ஏழு," என்று பொய் சொன்னேன்.

பாய்க்கு ஐம்பது வயதானபோது, கிணற்று வேலை போதும் என்று அவர் மனைவி ரம்லா சொல்லிவிட்டார். கயிற்றைச் சுருட்டி ஷெட்டில் ஆணியில் மாட்டினோம். ஷெட்டில் வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் மத்தியானத்தில் காயில் சுற்றிக்கொண்டிருக்கும்போது அந்தச் சூடான தொட்டிச் சுவரும், "எத்தனைங்க?" என்ற கேள்வியும் நினைவுக்கு வரும். பாய்க்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அவரும் அந்த ஆணிப் பக்கம் பார்க்கமாட்டார்.

அஃப்ஷீன் கல்லூரி முடித்து, ஸ்கூபா டைவிங் படிக்கிறேன் என்று லட்சத்தீவுக்குப் போனாள். மூன்று மாதம் என்றாள். மூன்று வருடம் ஆயிற்று. இப்போது அங்கே வருகிறவர்களைக் கடலுக்கு அடியில் கூட்டிப்போய்க் காட்டுவதுதான் அவள் உத்தியோகம். போன தை மாதம் ஈரோட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. மஞ்சள் வியாபாரக் குடும்பம், பையனைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: கடல் வேலையை விட்டுவிட வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் பதில் சொல்வதாகப் பேச்சு.

"போயி கையோட கூட்டிக்கிட்டு வாங்க," என்று ரம்லா பாயை அனுப்பினார். பாய்க்கும் அதே எண்ணம்தான். அவருக்கு வேலை கேவலமாகப் படவில்லை. பயம். "கடலுக்குள்ள எறங்கறாளே, மேல நின்னு பாக்கறதுக்கு ஆரு இருக்கறாங்க?" என்று என்னிடம் நூறு முறை கேட்டிருப்பார். பிறகு, "நீங்களும் வாங்க பாக்கியம்," என்றார். நான் கேட்காமலே ஆணியிலிருந்து கயிற்றை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். கொச்சி விமான நிலையத்தில் சோதனைக்காகப் பையைத் திறந்து பார்த்த காவலர் இது எதற்கு என்று கேட்டார். "பழக்கமுங்க," என்றேன்.

தீவில் இறங்கிய அன்றே பாய் விஷயத்தைச் சொன்னார். அஃப்ஷீன் கோபப்படவில்லை. நீலக் கலரில் இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். அப்பாவை அவள் அத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"நீங்க ஒரு தடவை என்கூடக் கீழ வாங்க, அத்தா. பார்த்துட்டு மேல வந்ததுக்கு அப்பறமும் 'வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்'னு சொன்னீங்கன்னா வந்தர்றேன். எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"அங்க உனக்கு மேல நிக்கறது ஆரு கண்ணு? அதைச் சொல்லு மொதல்ல."

"மேல யாரும் இல்லீங்கத்தா. கூட வர்ற ஆளுதான். எப்பவும் ரெண்டு பேராத்தான் போவோம். ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவோம்."

பாய் என்னைப் பார்த்தார். கூட வருகிறவனும் தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது யார் என்ற கேள்வி எங்கள் இருவர் முகத்திலும் இருந்தது. ஆனாலும் அவர் ஒத்துக்கொண்டார். தண்ணீர் என்றால் அவருக்கு மறுக்க வராது.

ஐம்பத்தேழு வயதில் மறுபடி மாணவனானார். கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரில் நாலு நாள் பயிற்சி. முதுகில் காற்று உருளை, வாயில் குழாய். நான் கரையில் குடை பிடித்து உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு நாளும் அஃப்ஷீன் என்னிடம் வந்து ஒரே புகாரைச் சொன்னாள்: "அத்தா மூச்சை அடக்கறாங்க மாமா."

"அதுல என்ன கண்ணு தப்பு? அதுக்குத்தானே அவருக்குப் பேரு."

"இங்க அதுதான் மாமா பெரிய தப்பு. கெணத்துல அத்தா மேலிருந்து கொண்டுபோற காத்து கீழ சுருங்கும், மேல வந்தா பழைய அளவுக்கு ஆகும். ஒண்ணும் ஆகாது. இங்க கீழயே காத்தை இழுக்கறோம். அதை அடக்கிக்கிட்டு மேல வந்தா உள்ளயே உப்பும். நெஞ்சு கிழிஞ்சுரும்."

வெயிலில் நிறுத்திய சைக்கிளில் ட்யூப் வெடிப்பதைப் பார்த்தவன் நான். எனக்கு உடனே புரிந்தது. அன்று பாயைக் கூப்பிட்டு, "மூச்சை உடுங்க, உட்டுக்கிட்டே இருங்க," என்று திட்டினேன். இருபத்தாறு வருடம் பிடி பிடி என்று சொன்ன அதே வாயால். நாலாம் நாள் அவர் ஒழுங்காக விட்டார். அஃப்ஷீனுக்குத் திருப்தி.

ஐந்தாம் நாள் வியாழக்கிழமை. படகில் தீவைத் தாண்டி வெளிக்கடலுக்குப் போனோம். எனக்கு வயிற்றில் இருந்ததெல்லாம் மீனுக்குப் போயிற்று. அங்கே பவளப்பாறை படி இல்லாத கிணற்றுச் சுவர் போல நேராக இறங்குகிறதாம். அந்தச் சுவரில் ஐம்பதடி ஆழத்தில் ஒரு வாய். உள்ளே நுழைந்தால் புகைபோக்கி மாதிரி ஒரு வழி நேரே மேலே ஏறி, இருபத்தைந்தடி ஆழத்தில் பாறை உச்சியில் திறக்கும். ஆள் தாராளமாகப் போகலாம்.

"அதைப் பார்த்தீங்கன்னா நான் ஏன் இங்கயே இருந்துட்டேன்னு தெரியுமுங்கத்தா," என்று மட்டும் சொன்னாள். நான் முன்னால் போவேன், நீங்கள் பின்னால் வாருங்கள், எதற்கும் அவசரம் வேண்டாம் என்றாள். இருவரும் முதுகுப்புறமாகத் தண்ணீரில் விழுந்தார்கள். அப்படி விழுவதுதான் முறையாம்.

நான் ஜெபமாலையை எடுத்தேன். மடியில் கயிறு. அதன் மறுமுனையில் யாரும் இல்லை, இருந்தாலும் ஒரு கை அதைப் பிடித்துத்தான் இருந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி. குமிழிகள் இரண்டு கூட்டமாக மேலே வந்தன. பாயுடையது பெரிசு பெரிசாக, விட்டு விட்டு வரும். பெண்ணுடையது சின்னச் சின்னதாக, சீராக வரும். பத்து ஆயிற்று, இருபது ஆயிற்று, ஐம்பது ஆயிற்று. பத்துக்கு மேல் ஆள் கீழே இருக்கும்போது நான் எண்ணியதே இல்லை. நூறு தாண்டியதும் இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் சேர்ந்து வந்தன. புகைபோக்கிக்குள் போய்விட்டார்கள் என்று படகோட்டி கை காட்டினார்.

நூற்றுப் பதினேழாவது ஜெபத்தில் பெரிய குமிழிகள் நின்றுவிட்டன.

சின்னது மட்டும் வந்தது. ஒரு ஜெபம் முழுதும் சொல்லி முடித்தேன். பெரிசு வரவில்லை. அதற்கப்புறம் நான் எண்ணவில்லை. எழுந்து நின்று, வெறும் கயிற்றை இரண்டு கையாலும் இழுத்தேன். "பாய், உடுங்க, மூச்சை உடுங்க," என்று கடலைப் பார்த்துக் கத்தினேன். படகோட்டி என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். உட்கார்ந்து பார்க்கிறேன், பெரிய குமிழி ஒன்று புடைத்துக்கொண்டு வந்து உடைந்தது. அடுத்து இன்னொன்று. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

அவர்கள் மேலே வர இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. பாய் வாயிலிருந்து குழாயை எடுத்ததும் கேட்டார்: "எத்தனைங்க பாக்கியம்?"

"எண்ணிக்கையுமில்லை ஒண்ணுமில்லைங்க," என்றேன். "நான் செத்துப் பொழச்சேன். ஏறுங்க மேல." குமிழி நின்றது எனக்குத் தெரிந்துவிட்டது என்று என் குரலிலேயே அவருக்குப் புரிந்தது.

படகில் டவலைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். சுவரோரம் போனபோது ஒரு தப்பும் இல்லை. அந்த வாய்க்குள் நுழைந்ததும் சுற்றிலும் பாறை, நிழல், சத்தமே இல்லை. மேலே பார்த்தார். சின்ன வட்டமாக வெளிச்சம்.

"மாசாணியம்மா கெணறேதானுங்க. வட்டத்துக்குள்ள ஒரு தலை கருப்பாத் தெரிஞ்சுது. நீங்கன்னு நெனச்சுப்போட்டேன். அவ்வளவுதான், வாயை மூடிக்கிட்டேன், கையைத் தூக்கிட்டேன், எத்திட்டேன். எத்தினது தெரியுது, ஆனா நிறுத்த முடியலீங்க. ஒடம்பு கேக்கல."

அந்தத் தலை அஃப்ஷீனுடையது. மேலே போய்க்கொண்டிருந்தவள் குனிந்து பார்த்திருக்கிறாள். அத்தாவிடமிருந்து குமிழி வரவில்லை. தூக்கிய கையோடு, உப்பிய கன்னத்தோடு ஏறி வருகிறார். அவள் சட்டென்று கீழே வந்து தோளை அழுத்தி நிறுத்தினாள். முகத்துக்கு நேரே சைகை காட்டினாள். பாயின் கண் அவளைப் பார்க்கவில்லை, வட்டத்தைத்தான் பார்த்தது. அப்போது அவள், தூக்கியிருந்த அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினாள். அன்று கிணற்றில் அவர் கயிற்றைச் சுண்டிய மாதிரி, ஒரே ஒரு சுண்டு.

"உட்டுட்டேனுங்க," என்றார் பாய். "உள்ள இருந்த அத்தனையும் உட்டுட்டேன். அப்பறம்தான் இவ மொகம் தெரிஞ்சுது."

அஃப்ஷீன் அழுதுகொண்டிருந்தாள். "தப்பு என்மேலதானுங்கத்தா. உங்களை அங்க கூட்டிக்கிட்டுப் போயிருக்கக் கூடாது. நம்ம கெணறு மாதிரியே இருக்குதுன்னு உங்களுக்குக் காட்டணும்னு ஆசைப்பட்டுட்டேன். மூணு வருசமா அதுக்குள்ள போறப்பவெல்லாம் உங்களைத்தான் நெனச்சுக்குவேன்." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் சொன்ன சொல்லு சொன்னதுதான். கூப்புட்டீங்கன்னா வாரேன்," என்றாள்.

பாய் ஈரத் தலையோடு தூரத்தில் தெரிந்த தீவையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் யோசிக்கும்போது குறுக்கே பேசக் கூடாது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

கரை சேர்ந்ததும் ஃபோனில் ரம்லாவைக் கூப்பிட்டார். சத்தமாக வைத்துப் பேசுவது அவர் வழக்கம், அதனால் எல்லாம் என் காதில் விழுந்தது.

"ரம்லா, ஈரோட்டுக்காரங்களுக்குச் சொல்லிரு. புள்ளை இங்கயே வேலை பாக்கட்டும். அதுக்குச் சம்மதம்னா பேசலாம். இல்லீன்னா அவங்க வேற எடம் பாக்கட்டும்."

"ஏனுங்க, நான் என்ன சொல்லி அனுப்பிச்சேன், நீங்க என்ன பேசறீங்க?"

"மேல நிக்கறதுக்கு ஆரு இருக்கறாங்கன்னு நானே பொலம்பிக்கிட்டிருந்தேன் பாரு. இன்னைக்கு நான் உள்ள தப்பு பண்ணிப்போட்டேன். பாக்கியம் மேலதான் இருந்தாரு, அவரால ஒண்ணும் பண்ண முடியல. இவதான் என்னைய மேல கொண்டுவந்தா. என்ற உசுரைக் காப்பாத்தத் தெரிஞ்சவளுக்கு அவ உசுரைப் பாத்துக்கத் தெரியாதா?"

லைன் போய்விட்டதோ என்று பாய் ஃபோனைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ரம்லாவின் குரல் மெல்லக் கேட்டது: "நீங்க நல்லாத்தானே இருக்கறீங்க? ஃபோனை அவகிட்டக் குடுங்க." அஃப்ஷீன் ஃபோனை வாங்கிக்கொண்டு தென்னை மரங்களுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

'அவரால ஒண்ணும் பண்ண முடியல' என்று சொன்னது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. உண்மை அதுதான், நானும் மறுக்கவில்லை. ராத்திரி சோறு மட்டும் கொஞ்சம் குறைவாக இறங்கியது.

மறுநாள் காலையில் அவளுக்கு வேலை இருந்தது. பூனாவிலிருந்து வந்த தம்பதியை அதே சுவருக்குக் கூட்டிப்போக வேண்டும். நாங்களும் படகில் ஏறிக்கொண்டோம். பாய் இறங்கவில்லை, என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று பேரும் முதுகுப்புறமாக விழுந்தார்கள். பாயின் கை நேராக என் மடியில் இருந்த கயிற்றுக்கு வந்தது. ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார், மறுமுனை என்னிடம்.

"எண்ணுங்க பாக்கியம்," என்றார்.

"காத்து இருக்குதுங்க பாய். எண்ண வேண்டியதில்லைன்னு புள்ளைதான் சொல்லுச்சே."

"தெரியுமுங்க. இருந்தாலும் எண்ணுங்க."

நான் ஜெபமாலையை எடுத்தேன். அவரும் பையிலிருந்து தஸ்பீஹ் மணிமாலையை எடுத்தார். அவர் ஓதுவது சின்ன வார்த்தை, விறுவிறு என்று ஓடுகிறது. நான் பத்தைத் தொடுவதற்குள் அவர் ஒரு சுற்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். நடுவில் அவர் கணக்கு விட்டுப்போயிற்று. குமிழி கொஞ்சம் விலகினாலும் எழுந்து நின்றார், நான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். "மேல நிக்கறது இவ்வளவு செரமம்னு எனக்குத் தெரியாமப் போச்சுங்க," என்றார். இருபத்தாறு வருடம் கயிறு பிடித்ததற்கு அந்த வார்த்தை இப்போதுதான் கிடைத்தது. நேற்றிருந்த சுருக்கு அதோடு போய்விட்டது.

படகுக்குப் பக்கத்தில் அஃப்ஷீனின் தலை மேலே வந்தது. குழாயை எடுத்துவிட்டுத் தண்ணீரில் மிதந்தபடியே எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தாள். "எத்தனைங்க?" என்று கேட்டாள். அவள் கேட்டது என்னை அல்ல, அவள் அத்தாவை.

பாய் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். ஆயுசு முழுக்க அவர் கேட்டிருக்கிறாரே ஒழிய, ஒருநாளும் பதில் சொன்னதில்லை. "நூத்தி எழுவதுங்க," என்று அவர் காதில் சொன்னேன்.

"நூத்தி எழுவது கண்ணு," என்றார். தன் கையிலிருந்த கயிற்று முனையை ஒருமுறை லேசாகச் சுண்டினார்.